சோளகக் காற்றில் தண்ணீர்க் கூலர்

வெப்பநிலை அட்டவணையைப் பார்த்துக் கூலர் வாங்குவது ஏசி அறையில் கணினி வைத்திருப்பவர்களுக்குச் சரி. கண்டாவளையில் சீற் கூரைக்குக் கீழே கணினி ஓட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தகடுகளுக்குள் புகுந்த தூசியை எடுக்க எத்தனை திருகாணி கழற்ற வேண்டும்? தண்ணீரா காற்றா என்ற வழக்கை என் மேசையில் தீர்த்துவைத்தது இந்த ஒரு கேள்விதான்.

ஒரே பெட்டியில், ஒரே புரொசெசரின் மேல், முதலில் 240 மில்லிமீற்றர் தண்ணீர்க் கூலர் ஒன்றும் பிறகு இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்றும் மாதக்கணக்கில் ஓடின. புரொசெசர் ஏஎம்டி ரைசன் 7 5700எக்ஸ். பெயருக்கு 65 வாட், முழு மூச்சில் 76 வாட் வரை இழுக்கும். வேலை, கலியாண வீட்டு வீடியோக்களை வெட்டித் தொடுத்து ரெண்டர் செய்வது. காற்றுக் கூலர் தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. தண்ணீர்க் கூலரின் பெயர் வேண்டாம். நான் பட்ட பாடு அந்த இனம் முழுவதற்கும் பொதுவானது.

புதிதாகப் பூட்டிய நாட்களில் தண்ணீர்தான் வென்றது, மூன்று நாலு பாகையால். மதியத்தில் அறையே 34, 35 பாகைக்கு ஏறிவிடும். அப்போது ரெண்டர் ஓடினால் இரண்டு கூலரிலும் புரொசெசர் 70ஐத் தாண்டித்தான் நின்றது. தண்ணீர் என்றதும் குளிர் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் காற்றைவிடச் சுமார் 3500 மடங்கு சூட்டைத் தண்ணீர் சுமக்கும் என்பது உண்மை. ஆனால் சுமந்த சூட்டைக் கடைசியில் இறக்கிவைப்பது றேடியேற்றரில், வாங்கிக்கொள்வது அதே அறைக் காற்று. அறை 35 பாகை என்றால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே போகாது. 76 வாட்டை இறக்க இரண்டு வழியுமே தாராளம்.

இனித் தூசிக்கு வருவோம். வைகாசியில் சோளகம் எழும்பினால் புரட்டாதி வரைக்கும் கிறவல் ஒழுங்கையில் ரிப்பர் ஒன்று போனாலே போதும், மேசையில் விரலால் பெயர் எழுதலாம். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் விளைந்து அறுவடை தொடங்குவதும் அந்தக் காற்றுக்குள்தான். செம்மண் தூசியோடு பதரும் நெற்சுணையும் சேர்ந்து வரும். செம்மண் தனியே வந்தால் ஊதினால் போகும். சுணை கலந்தால் பின்னிக்கொண்டு கம்பளிபோல் படியும். ஐப்பசி மழையின் ஈரம் பட்டால் அந்தக் கம்பளி இறுகிவிடும்.

றேடியேற்றரின் உடம்பு இந்தத் தூசிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. தட்டையான குழாய்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகட்டை நெளிநெளியாக மடித்து வைத்திருக்கிறார்கள். மடிப்புக்கு மடிப்பு இடைவெளி ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். அதன்மேல் விசிறியை நெருக்கித் திருகியிருக்கிறார்கள். தூசி படிவது விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்றே இருக்கும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோர வயல்களில் அறுவடை மெசின் ஓட்டுகிற பெடியளுக்கு இது நன்றாகத் தெரியும்: இஞ்சின் சூடேறினால் முதலில் கை போவது றேடியேற்றர் வலையில் அப்பிய பதரைத் தட்டத்தான். அவர்களுக்கு அந்த வலை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. எனக்கோ ஒரு விசிறிக்கு நாலாக எட்டு நீளத் திருகாணி, றேடியேற்றரைப் பெட்டியின் கூரையோடு பிடிக்க இன்னும் எட்டு. கீழே குழாய்கள் இழுபடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் கழற்ற வேண்டும். ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும். ஆகவே அந்த வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவோம். தள்ளத் தள்ள, புதிதில் வென்ற மூன்று நாலு பாகை கரைந்து, அதற்கு மேலும் ஏறிப்போகும்.

காற்றுக் கூலரில் விசிறியைப் பிடித்திருப்பது இரண்டு கம்பிக் கொளுக்கி மட்டும். நெம்பினால் கழன்று வரும். தகடுகள் நேராக, ஒன்றன்மேல் ஒன்றாக, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வர்ணம் பூசுகிற தூரிகை ஒன்றும் ஊதி ஒன்றும் போதும், தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடியும். சுலபமான வேலை என்பதால் மாதாமாதம் நடக்கிறது. சோளகக் காலம் முழுக்க இந்தக் கூலரின் வெப்பநிலை அசையாமல் நின்றதற்குக் காரணம் அதன் பொறியியலைவிட அந்தக் கொளுக்கிகள்தான்.

அடுத்த எரிச்சல் பம். பகலில் அதன் சத்தம் கேட்காது. ஊர் அடங்கிய பிறகு மெல்லிய முனகல் ஒன்று தொடங்கும், இடையிடையே ‘களக் களக்’ என்று குமிழி உருளும். றப்பர் குழாயின் சுவர் வழியே குளிர்திரவம் வருடக்கணக்கில் மிகமிக மெதுவாக ஆவியாகிக் கசிகிறது, அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. அதனால்தான் பம் வளையத்தின் உச்சியில் இருக்கக்கூடாது என்கிறார்கள். உச்சியில் இருந்தால் குமிழி அங்கேயே தங்கும். பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதுக்குத் தண்ணி எத்தினை நாளைக்கு ஒருக்கா மாத்திறது?” என்று கேட்டார். “மாத்தேலாது அண்ணை, மூடித்தான் விக்கிறாங்கள்” என்றேன். “அப்ப வத்தினா?” என்றார். வயலுக்கு இறைக்கிற பம்மைத் தன் கையாலேயே கழற்றிப் பூட்டுகிறவரின் கேள்வி அது. கம்பனிகளின் விளம்பரங்களில் அதற்கு விடை இல்லை. நிரப்பு வாய் வைத்த கூலர்கள் சில உண்டு. பெரும்பாலானவற்றில் கிடையாது.

விடை உத்தரவாதச் சீட்டில் இருக்கிறது: ஐந்து, ஆறு வருடம். பழுதானால் பொருளை ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பம் நின்றால் புரொசெசர் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்து, கடைசியில் கணினியே அணைந்துவிடும். கலியாண வீட்டுக்காரர் அதுவரை பொறுப்பாரா? காற்றுக் கூலரில் சுழல்கிற உறுப்பு விசிறி ஒன்றுதான். 120 மில்லிமீற்றர் விசிறி கிளிநொச்சி ரவுணிலேயே கிடைக்கும், எந்தக் கம்பனியுடையதும் பொருந்தும்.

ஒழுகும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் பெரிய கம்பனிகளையும் அது விட்டதில்லை. 2004இல் ஆப்பிள் விற்ற பவர் மக் ஜி5 கணினிகளின் உச்ச மாதிரி தண்ணீரால் குளிரூட்டப்பட்டது. வருடங்கள் போக, ஒழுகி உள்ளே அரித்துப்போன பெட்டிகள் பல வெளிவந்தன. 2022இல் ஆர்க்டிக் கம்பனி தன் லிக்விட் ஃபிரீசர் 2 கூலர்கள் சிலவற்றில் றப்பர் அடைப்பு பழுதாகலாம் என்று தானாகவே அறிவித்து, மாற்று உறுப்புகளை இலவசமாக அனுப்பியது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. காற்றுக் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. பியர்லெஸ் அசாசினின் அடியிலிருந்து மேலேறும் ஆறு செப்புக் குழாய்களும் உள்ளே வெறுமையாக்கி, சிறு துளி நீர் விட்டு மூடப்பட்டவை. அழுத்தம் குறைவென்பதால் அந்த நீர் 100 பாகைக்கு வெகு கீழேயே கொதிக்கும். ஆவி மேலே போய்த் தகடுகளில் சூட்டை இறக்கிவிட்டுக் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள திரிபோன்ற படலத்தால் உறிஞ்சப்பட்டுத் திரும்பும். பம் இல்லை, றப்பர் இல்லை, குமிழி இல்லை. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் 1963இல் செய்துகாட்டிய வெப்பக் குழாய் இதுதான். தண்ணீரின் பலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பழுதாகிற பாகத்தை மட்டும் விட்டுவிட்ட வடிவமைப்பு. விலையில் தண்ணீர்க் கூலரின் அரைவாசிக்கும் குறைவு.

தண்ணீருக்கு உரிய இடமும் இருக்கிறது. இன்டெல் ஐ9 14900கே போல 253 வாட் வரை இழுக்கும் புரொசெசரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் வேண்டும். கணினியை அடிக்கடி முச்சக்கர வண்டியில் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் அது நல்லது. நொக்டுவா என்எச்-டி15 போன்ற 1.3 கிலோக் கோபுரம் மதர்போர்டில் தொங்கிக்கொண்டு எங்கள் பள்ளந்திட்டி வீதிகளில் குலுங்குவதை நினைத்தாலே நெஞ்சு பதறும். முக்கால் கிலோ அளவான பியர்லெஸ் அசாசினையே நான் பெட்டியைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோகிறேன்.

மற்றவர்கள் தண்ணீர் வாங்குவது அழகுக்காக. “தண்ணிதான் அண்ணா இப்ப எல்லாரும் போடினம், லைற்றும் எரியும்” என்று கடைப் பெடியன் சொன்னது முழு உண்மை. அந்த லைற்றை அணைக்கத் தனியாக ஒரு மென்பொருள், அது ஒவ்வொரு முறையும் கணினியோடு சேர்ந்து எழும்பும், மாதமொருமுறை தன்னைப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். கூலர் ஒன்றுக்கு இணைய இணைப்பு எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

100 வாட்டுக்கு உட்பட்ட புரொசெசர் என்றால், இந்தப் பக்கத்தில் காற்றுக் கூலரை வாங்குங்கள். பெட்டி 155 மில்லிமீற்றர் உயரத்துக்கு இடம் தருமா என்று மட்டும் அளந்து பாருங்கள். மிஞ்சும் காசில் பெட்டியின் முன்பக்கத்துக்குத் தூசி வலை போடுங்கள், கரண்ட் வெட்டுக்கு யூபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள். துப்புரவு செய்யும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகும். ரயர் கடைக் கொம்பிரசரிடம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். அது காற்றோடு ஈரத்தையும் சேர்த்து அடிக்கும்.