ஒரே பால்கனி, இரண்டு அப்பாக்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்றோவில் என்று ஒரு சின்ன ஊர். 1997-ல் அந்த மாநில வக்கீல்கள் சங்கம் அங்கே ஒரு வக்கீலுக்கு நினைவுச் சின்னம் வைத்தது. இதில் விசேஷம் என்னவென்றால், அந்த வக்கீல் எந்தக் கோர்ட்டிலும் வாதாடியவர் இல்லை. பிறந்தவரே இல்லை. அட்டிகஸ் ஃபின்ச் என்று பெயர். ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வருகிற அப்பா.

2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சினிமா ஹீரோக்களை வரிசைப்படுத்தியபோது ஜேம்ஸ் பாண்டுக்கு மூன்றாவது இடம், இண்டியானா ஜோன்ஸுக்கு இரண்டாவது. முதலிடம், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சாயங்காலம் பேப்பர் படிக்கிற இந்த ஆசாமிக்கு. சாட்டையும் இல்லை, சண்டையும் இல்லை. நம்பமுடிகிறதா?

நாவல் 1960-ல் வெளிவந்தது. 1961-ல் புலிட்சர் பரிசு. 1962-ல் சினிமா. அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனேன் என்று சொல்லும் அமெரிக்க வக்கீல்கள் நிறைய. பிள்ளைகளுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

55 வருஷம் கழித்து, 2015 ஜூலையில், லீயின் இன்னொரு நாவல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வந்தது. அதிலும் அட்டிகஸ் வருகிறார். 72 வயது. கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்று பேசும் ஒரு கூட்டத்தில் முன்வரிசை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், ஒரே கலவரம். மிச்சிகனில் ஒரு புத்தகக்கடை, ஏமாந்தவர்களுக்குப் பணம் வாபஸ் என்று அறிவித்தது. பிள்ளையின் பெயரை மாற்றிய பெற்றோர்கூட உண்டு. இல்லாத மனிதர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று மக்கள் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள்.

இந்த வருத்தம் நியாயமா? இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் தெரியும்.

‘மாக்கிங்பேர்ட்’ படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1930-களில் மேகோம் என்ற கற்பனை ஊர். தாயில்லாத இரண்டு குழந்தைகள், ஜெம், ஸ்கவுட். ஸ்கவுட்தான் கதை சொல்லுகிறாள், தொடங்கும்போது அவளுக்கு ஏறக்குறைய 6 வயது. சமையல், வளர்ப்பு, அதட்டல் எல்லாம் கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண்மணி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞன் மேல் வழக்கு. நீதிபதி, அட்டிகஸை அவனுக்கு வக்கீலாக நியமிக்கிறார். அந்தப் பெண்ணை அடித்தது இடதுகைக்காரன் என்று அட்டிகஸ் கோர்ட்டில் காட்டுகிறார். டாமுக்கு இடது கையே விளங்காது. பெண்ணின் அப்பன்தான் இடதுகைக்காரன். சின்னக் குழந்தைக்கும் புரிகிறது. ஜூரிக்குப் புரியவில்லை. குற்றவாளி என்கிறார்கள்.

ஆனால் நாவலின் உயிர் கோர்ட்டில் இல்லை என்பது என் கட்சி. தெருவில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு அப்பாமேல் ஒரு குறை. ‘மத்த அப்பாக்கள் மாதிரி இவர் வேட்டைக்குப் போறதில்லை, ஃபுட்பால் ஆடறதில்லை, வயசு வேற ஆயிடுச்சு.’ ஒருநாள் தெருவில் வெறிநாய் வருகிறது. ஷெரீஃப் துப்பாக்கியை அட்டிகஸ் கையில் திணிக்கிறார். ஒரே குண்டு. நாய் காலி. அப்பா ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய குறிகாரர் என்று அப்போதுதான் தெரிகிறது. ஜெம்முக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்துவிட்டார் ஹீரோ!

சாதாரண எழுத்தாளர் இங்கே நிறுத்தியிருப்பார். லீ அடுத்த அத்தியாயத்தில் மிஸஸ் டூபோஸ் என்ற கிழவியைக் கொண்டுவருகிறார். வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற குழந்தைகளைத் திட்டும் கிழவி. கறுப்பனுக்கு வாதாடுகிறான் உங்கப்பன் என்று வாய்கூசாமல் ஏசுகிறவள். ஜெம் ஆத்திரத்தில் அவள் தோட்டத்துப் பூச்செடிகளை வெட்டிப்போடுகிறான். தண்டனை, தினமும் அவள் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் வாசித்துக்காட்ட வேண்டும். அவள் செத்தபிறகுதான் விஷயம் தெரிகிறது. கிழவி வலிக்காக மார்ஃபினுக்கு அடிமையானவள். சாவதற்குமுன் அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுபடவேண்டும் என்று, மருந்தில்லாமல் துடித்துத் துடித்து, ஜெயித்துவிட்டுச் செத்திருக்கிறாள். தான் பார்த்தவர்களிலேயே தைரியசாலி அவள்தான் என்று மகனிடம் சொல்கிறார் அட்டிகஸ். துப்பாக்கி பிடித்த அப்பாவை வீரர் என்று நினைத்துவிடாதே என்பதற்காகத்தான் இந்தப் பாடமே.

கவனியுங்கள், அவள் நல்லவள் என்று அவர் சொல்லவில்லை. அவள் இனவெறி பிடித்தவள். அதேசமயம் வீராங்கனை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கமுடியும் என்பதை லீ 1960-லேயே எழுதிவிட்டார். 2015-ல் அதிர்ச்சியடைந்தவர்கள் இந்த அத்தியாயத்தை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

இன்னொருவர் பூ ராட்லி. வீட்டைவிட்டு வெளியே வராதவர். குழந்தைகளுக்கு அவர் பூச்சாண்டி. கடைசியில் அவர்தான் அவர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார். அவரை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கவுட் அவர் வராந்தாவில் நின்று, தன் தெருவை முதல்தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். அடுத்தவன் தோலுக்குள் புகுந்து பார்த்தால்தான் ஆளைப் புரியும் என்று அப்பா சொன்னது விளங்குகிறது. எத்தனை தடவை படித்தாலும் தொண்டையை அடைக்கிற இடம்.

ஆனால் ஒரு கேள்வி. ஸ்கவுட் ஏன் டாம் ராபின்சன் வீட்டு வாசலில் ஒருதடவைகூட நிற்கவில்லை? ஜெயிலிலிருந்து தப்ப முயன்றதாக டாமை 17 குண்டுகளால் துளைக்கிறார்கள். அந்தச் செய்தி கேட்டு அவன் மனைவி ஹெலன் மண்ணில் சாய்வதை ஸ்கவுட் பார்க்கவில்லை. இன்னொரு பையன் வந்து சொல்லித்தான் நமக்கே தெரிகிறது. பிறர் கண்ணால் பார் என்று போதிக்கும் நாவல், வெள்ளைக்காரக் கிழவிக்கும் வெள்ளைக்கார பூ ராட்லிக்கும் கொடுத்த இடத்தை, சாகிறவனுக்குக் கொடுக்கவில்லை. டாம் சாட்சிக்கூண்டில் உண்மை பேசுகிறான், சாகிறான். அவன் எதற்குச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான் என்று நமக்குத் தெரியாது.

இப்போது ‘வாட்ச்மேன்’. பின்னால் வந்தது என்றாலும் இதுதான் முதலில் எழுதப்பட்டது. 1957-ல் லிப்பின்காட் பதிப்பகத்தின் டே ஹோஹாஃப் என்ற பெண் எடிட்டர் கைக்கு வந்தபோது, இதில் வருகிற சிறுவயது நினைவுகள்தான் நன்றாக இருக்கின்றன, அதையே நாவலாக எழுது என்று லீயைத் திருப்பித் திருப்பி எழுதவைத்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் பாடுபட்டதில் ‘மாக்கிங்பேர்ட்’ பிறந்தது. எடிட்டர் என்ற ஜாதிக்கு எங்கேயாவது கோயில் கட்டினால் இந்த அம்மாளுக்கு ஒரு சந்நிதி வைக்கவேண்டும்.

‘வாட்ச்மேன்’ ஸ்கவுட்டுக்கு 26 வயது. இப்போது ஜீன் லூயிஸ். நியூயார்க்கிலிருந்து லீவுக்கு வருகிறாள். பள்ளிக்கூடங்களில் கறுப்பர் வெள்ளையர் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தெற்கு மாநிலங்கள் கொதித்துக்கொண்டிருக்கும் சமயம். அப்பாவின் காகிதங்களுக்கு நடுவே கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பார்க்கிறாள். விசாரித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறாள். கறுப்பர்களுக்கான பால்கனியில் ஏறி உட்காருகிறாள். டாம் ராபின்சன் வழக்கின்போது குழந்தையாக உட்கார்ந்திருந்தாளே, அதே பால்கனி. அன்றைக்குக் கீழே அப்பா வழக்கில் தோற்று வெளியே போகையில் பால்கனியில் அத்தனை பேரும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள். இன்றைக்குக் கீழே அதே அப்பா, விஷம் கக்கப்போகிற ஒரு பேச்சாளரைச் சபைக்கு அறிமுகம் செய்துவைக்கிறார்.

ஒரே ஆளா இவர்? ‘ஆமாம்’ என்றுதான் சொல்லுவேன். ‘மாக்கிங்பேர்ட்’டைத் திரும்பப் புரட்டுங்கள். டாமை அடித்துக்கொல்ல ஒரு கும்பல் ஜெயில் வாசலுக்கு வருகிறதல்லவா? அதில் ஒருவரைப் பற்றி, அடிப்படையில் நல்ல மனுஷன்தான் என்று குழந்தைகளுக்கு விளக்குகிறார் அட்டிகஸ். கூ கிளக்ஸ் கிளானைப் பற்றிக் கேட்டால், அது எப்போதோ இருந்த அரசியல் அமைப்பு என்று லேசாக ஒதுக்குகிறார். வாட்ச்மேன் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, 2009-ல், மால்கம் கிளாட்வெல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் இதைக் குத்திக்காட்டினார். அட்டிகஸ் மனிதர்களின் மனசு மாறவேண்டும் என்கிறார், சட்டம் மாறவேண்டும் என்று கேட்கவே இல்லை என்று. எல்லாரிடமும் நல்லதைப் பார்க்கிற அதே இங்கிதம்தான் எல்லாரோடும் ஒரே மேசையில் உட்காரவும் வைக்கிறது. அவருடைய பெரிய குணத்தையும் பெரிய குறையையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

இன்னொரு சுவாரசியம். ‘வாட்ச்மேன்’னில் அந்தப் பழைய வழக்கு போகிறபோக்கில் ஒன்றிரண்டு பக்கங்களில் வருகிறது. அதில் அட்டிகஸ் ஜெயித்துவிடுகிறார்! கறுப்பினப் பையன் விடுதலை. நாவலைத் திருத்தி எழுதும்போது லீ அவரைத் தோற்கவைத்தார். ஜெயித்த வக்கீலுக்கு யார் நினைவுச் சின்னம் வைப்பார்கள்?

எது சிறந்த நாவல் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, ‘மாக்கிங்பேர்ட்’தான். ‘வாட்ச்மேன்’ பாதி வெந்தது. ஹென்றி என்ற காதலனோடு பேசும் பக்கங்கள் கொட்டாவி. கடைசியில் ஜாக் சித்தப்பா வந்து, அப்பாவைக் கடவுளாக நினைத்தது உன் தப்பும்மா என்கிற ரீதியில் பிரசங்கம் பண்ணி, அவளை அறைந்து சமாதானம் செய்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. அப்பா மனிதர்தான், சரி. அதற்காக அவர் சேர்ந்திருக்கும் கூட்டம் சரியாகிவிடுமா? மகளைப் பக்குவப்படுத்தும் அவசரத்தில் நாவல் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

லீயின் நிஜ அப்பா ஏ.சி. லீயும் மன்றோவில்லில் வக்கீல். இரண்டு கறுப்பர்களுக்காகக் கொலை வழக்கில் வாதாடித் தோற்றவர். அவர்கள் தூக்கில் தொங்கினார்கள். அவரும் வெகுகாலம் இனப்பிரிவினையை ஆதரித்தவர்தான். 1962-ல் இறந்தார். அவருடைய பாக்கெட் கடிகாரத்தை லீ, கிரிகரி பெக்குக்குக் கொடுத்தார். ஆஸ்கர் வாங்கும்போது பெக்கிடம் அந்தக் கடிகாரம் இருந்தது. அப்பாவைப் பற்றி இரண்டு நாவல்களையும் எழுதிய மகள் கொடுத்தது என்பதை நினைத்துக்கொண்டால் அதன் கனம் தெரியும்.

‘வாட்ச்மேன்’னை முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் ஜீன் லூயிஸ் கல்பூர்னியா வீட்டுக்குப் போகிற பகுதியை மட்டுமாவது படியுங்கள். கல்பூர்னியாவின் பேரன் கார் ஏற்றி ஒரு வெள்ளைக்காரக் குடிகாரன் செத்துப்போகிறான். அட்டிகஸ் வழக்கை எடுத்துக்கொள்கிறார், கறுப்பர் சங்கத்து வக்கீல்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆறுதல் சொல்லப் போகிறாள் ஜீன் லூயிஸ். தன்னைத் தூக்கி வளர்த்த கிழவி, விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையோடு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பேசுகிறாள். அந்த முகம் தன்னைப் பார்க்கவே இல்லை என்பது இவளுக்கு உறைக்கிறது. எங்களை நீ வெறுத்தாயா என்று கேட்டேவிடுகிறாள். கல்பூர்னியா உடனே பதில் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறாள்.