ஏவுதற் கருத்தா

சென்ற மாதம் நண்பர் ஒருவர் இந்தப் பத்திரிகைக்கென்று ஒரு கவிதை கொண்டுவந்து கொடுத்தார். டாக்காவை அடுத்த சாவாரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டிடத்தைப் பற்றியது. கவிதையில் கட்டிடம் விழுகிறது. ஊசிகள் நின்றுபோகின்றன. தைத்து முடியாத சட்டைக் கை ஒன்று இடிபாட்டுக்குள்ளிருந்து நீண்டு தெரிகிறது. இருவர் தழுவியபடியே மண்ணாகிறார்கள். மோசமான கவிதை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டைக் கை நல்ல படிமம். ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார். 'எழுவாய் இல்லை' என்றேன். இலக்கணப் பிழை சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, 'கவிதைக்கு எழுவாய் எதற்கு?' என்று கோபித்துக்கொண்டார். நான் சொன்னது இலக்கணத்தைத்தான். ஆனால் அவர் நினைத்த இலக்கணத்தை அல்ல. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

சம்பவத்தை முதலில் பார்த்துவிடலாம். எட்டு மாடிக் கட்டிடம். மேல் மாடிகள் அனுமதியில்லாமல் எழுப்பியவை. உள்ளே ஐந்து தையல் தொழிற்சாலைகள். கீழே கடைகள், ஒரு வங்கிக் கிளை. ஏப்ரல் 23 அன்று வெடிப்புகளைக் கண்டு எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். மறுநாள் வங்கி திறக்கவில்லை. கடைகள் திறக்கவில்லை. தையல் தொழிலாளிகளை மட்டும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கட்டிடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். ஒரே வெடிப்பு வங்கிக் குமாஸ்தாவுக்கு ஆபத்தாகவும் தையல்காரிக்கு ஆபத்தில்லாததாகவும் எப்படி ஆயிற்று? அவள் தைத்த சரக்கு குறித்த தேதியில் கப்பலேற வேண்டியிருந்தது. அந்தத் தேதியை வைத்தவர்கள் சாவாரில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வேற்றுமை படித்தது நினைவிருக்கலாம். கருத்தா இரண்டு வகை. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ஒருவன் கையால் செய்கிறான், ஒருவன் சொல்லால் செய்கிறான். இருவரும் செய்தவர்களே என்பது நம் இலக்கணக்காரர்களின் கட்சி. ஏவியவன் கல்லைத் தொடவில்லை என்பதற்காக அவனை வாக்கியத்திலிருந்து அவர்கள் தள்ளிவிடவில்லை. தஞ்சைக் கோயிலை யார் கட்டியது என்று கேட்டால் இன்றைக்கும் ராஜராஜன் என்றுதான் சொல்கிறோம். உளி பிடித்தவர்கள் நமக்கு ஞாபகமில்லை. புகழ் விஷயத்தில் ஏவுதற் கருத்தா எப்போதும் முன்னால் வந்து நிற்பான்.

இன்றைய பன்னாட்டு ஆடைக் கம்பெனியின் சாமர்த்தியம் எல்லாம் இந்த இரண்டு கருத்தாவையும் வேண்டியபோது மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. அதற்குச் சொந்தமாகத் தொழிற்சாலை இல்லை, தையல் இயந்திரம் இல்லை, கூலி வாங்கும் தொழிலாளி இல்லை. ஆனால் சட்டையின் கழுத்துப்பட்டையில் அதன் பெயர் இருக்கிறது. துணி, வெட்டு, பொத்தான், விலை, தேதி எல்லாம் அது சொன்னபடி. விற்கும்போது சட்டை அதனுடையது. கட்டிடம் விழும்போது சட்டை யாரோ ஒரு சப்ளையர் தைத்தது. அந்தச் சப்ளையர் இன்னொருவரிடம் தைக்கக் கொடுத்தது நமக்குத் தெரியாது. லாபத்தில் ஏவுதற் கருத்தா, பழியில் இயற்றுதற் கருத்தா. சாவாரில் சில கம்பெனிகள் தங்களுக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் சம்பந்தமில்லை என்றே முதலில் சொல்லிப் பார்த்தன. இடிபாட்டிலிருந்து பெயர்ச் சீட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. உடல்களைத் தேடிய இடத்திலேயே எழுவாயையும் தேட வேண்டிவந்தது.

அந்தச் சீட்டையே எடுத்துப் படியுங்கள். 'மேட் இன் பங்களாதேஷ்' என்று இருக்கும். செய்யப்பட்டது, எங்கே என்றால் பங்களாதேஷில். யாரால் என்ற மூன்றாம் வேற்றுமை வரவேண்டிய இடத்தில் ஏழாம் வேற்றுமையைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஆளின் இடத்தில் ஊர். உலகச் சந்தையில் இதைவிட அதிகமாக அச்சான வாக்கியம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதை வாசகனாக ஒரு தடவைகூட நாம் படித்ததில்லை.

ஏவியவன் மறைந்துகொள்ள மேலும் வசதிகள் உண்டு. ஒன்று, ஸர்டிபிகேட். கராச்சியில் பல்தியா டவுனில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளிவாசல்கள் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஆகஸ்டில், அதே ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தது ஓர் இத்தாலிய நிறுவனம். ஆலையின் முக்கிய வாடிக்கையாளர் கிக் என்ற ஜெர்மன் கம்பெனி. தீயை வைத்தவர்கள் என்று 2020இல் கராச்சி நீதிமன்றம் இரண்டு பேருக்குத் தண்டனை கொடுத்தது. இதைக் காட்டி விஷயம் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. தீ வைத்தவன் வேறு யாராகவோ இருக்கட்டும். கதவைப் பூட்டியது தீ வைத்தவன் அல்லவே. பூட்டின கதவைப் பார்க்காத சான்றிதழ் யாருக்காக எழுதப்பட்டது? தொழிலாளிக்காக அல்ல. வாங்குபவரின் மனச்சாட்சிக்காக. பாதிக்கப்பட்டவர்களில் நான்கு பேர் கிக் கம்பெனி மேல் டார்ட்மண்டில் வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் காலம் கடந்துவிட்டதென்று கோர்ட் தள்ளிவிட்டது. யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. கேள்விக்கு நேரமாகிவிட்டது என்ற பதில் வந்தது.

இரண்டாவது வசதி வினைமுற்றில் இருக்கிறது. ஜான் ரகி என்ற அறிஞர் பல வருஷம் உழைத்து எழுதிய வழிகாட்டு நெறிகளை 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஏற்றது. மொத்தம் 31. மனித உரிமையை அரசுகள் காக்க வேண்டும், தொழில் நிறுவனங்கள் மதிக்க வேண்டும், கெட்டுப்போனதற்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்று மூன்று தூண்கள். தமிழில் சொன்னால் எல்லாம் 'வேண்டும்'. ஆங்கில மூலத்தில் அப்படி இல்லை. முதல் நெறியில் அரசுக்கு 'மஸ்ட்'; பதினோராவது நெறியில் நிறுவனத்துக்கு 'ஷுட்'. முன்னது ஏவல். பின்னது வியங்கோள், அதிலும் விதித்தல் அல்ல, வேண்டல். ரகியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு முன்னால் இதுகூட இல்லை. பின்னால் வந்த 2017ஆம் வருஷத்து பிரெஞ்சுச் சட்டமும் 2023இல் அமலான ஜெர்மன் சட்டமும் அந்த வியங்கோளை ஏவலாக்கப் பார்த்தவைதாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதே வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2025இல் அதன் தேதியைத் தள்ளிவைத்தது. சட்டையின் தேதிக்கு இருந்த கண்டிப்பு சட்டத்தின் தேதிக்கு இல்லை.

மூன்றாவது வசதி பெயர்ச்சொல். ராணா பிளாசாவில் செத்தவர்களின் குடும்பத்துக்கும் காயம்பட்டவர்களுக்கும் பணம் கொடுக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பில் ஒரு நிதி உண்டாயிற்று. 3 கோடி டாலர் என்ற இலக்கை எட்ட 2015 ஜூன் ஆயிற்று. அந்த நிதியின் பெயரிலேயே 'டோனர்ஸ்' என்ற சொல் இருந்தது. நன்கொடையாளர்கள். நஷ்டஈடு என்றால் நஷ்டத்தை உண்டாக்கினவன் ஒருவன் இருக்க வேண்டும். நன்கொடைக்கு நல்ல மனசு இருந்தால் போதும். கடன்பட்டவன் தர்மவானாக மாறிவிடுவதற்கு ஒரு சொல் மாறினால் போதுமானதாக இருக்கிறது.

இதெல்லாம் சரி, கவிதைக்கும் இதற்கும் என்ன என்று நண்பர் கேட்பார். அவர் கட்சி எனக்குத் தெரியும். கவிதை துண்டுப்பிரசுரம் இல்லை. கம்பெனிப் பெயரைப் போட்டால் கவிதை செத்துவிடும். நாம் எல்லாருமே அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறோம், எல்லாருமே குற்றவாளிகள், அதைத்தான் தன் கவிதை சொல்கிறது. முதல் இரண்டும் எனக்கும் சம்மதம். மூன்றாவதில்தான் எனக்குத் தகராறு. எல்லாரும் குற்றவாளி என்பது கேட்பதற்கு ஆழமாக இருக்கிறது, தார்மீகமாகக்கூட இருக்கிறது. ஆனால் சட்டை வாங்கினவனும் தேதி வைத்தவனும் ஒரே அளவில் குற்றவாளி என்றால் தேதி வைத்தவனுக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. அவனுடைய வருஷாந்தர அறிக்கையும் இந்தப் பாஷையில்தான் எழுதப்படுகிறது: இது நம் அனைவரின் பொறுப்பு. கவிஞனும் கம்பெனியும் ஒரே வாக்கியத்தில் போய் முடிந்தால் நான் சந்தேகப்படுகிறேன், கவிஞனை.

கவிதையில் வரும் அந்த இருவர் யாரென்று தெரியும். தஸ்லிமா அக்தர் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்தவர்கள். உலகம் முழுவதும் பார்த்த படம். அக்தர் புகைப்படக்காரர் மட்டுமல்ல, டாக்காவின் தையல் தொழிலாளர்களைத் திரட்டும் சங்கக்காரர். படத்தை எடுத்தவருக்கு அது வழக்கின் ஒரு சாட்சியம். நமக்குக் காதலின் சின்னமாக வந்து சேர்ந்தது. சாட்சியத்தைச் சின்னமாக மாற்றுவதுதான் கவிதையின் வேலை என்று நம் வட்டத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. என் பழைய கவிதைகளிலும் அது உண்டு. பிறர் சாவு நமக்குப் படிமம் தருகிறது. நாம் அதற்குக் கண்ணீர் தருகிறோம். இதுவும் ஒரு நன்கொடைதான்.

எழுவாயைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றில்லை. கட்டிடங்களைச் சோதித்துச் சீர்செய்ய, கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றைத் தொழிற்சங்கங்கள் ராணா பிளாசாவுக்கு முன்பே எழுதி வைத்திருந்தன. 2012இல் இரண்டே கம்பெனிகள் ஒப்பின. 2013 மே மாதத்துக்குப் பின் இருநூறுக்கு மேல் கையெழுத்துப் போட்டன. நடுவில் 1,134 பேர். அந்த உடன்படிக்கையின்படி சங்கங்கள் கம்பெனி ஒன்றை ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கு இழுத்து, 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலருக்குச் சம்மதிக்க வைத்தன. பெரிய காரியம். ஆனால் அந்தக் கம்பெனி எது என்பது ஒப்பந்தப்படி ரகசியம். பணம் வந்தது, பெயர் வரவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடை ஆலையொன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். பெண் தொழிலாளர்கள் நடத்தும் ஒரு சங்கம் அதை ஒரு தனி மனிதனின் வெறி என்று விட்டுவிடச் சம்மதிக்கவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆலை முதலாளி தரப்பும் வாங்கும் கம்பெனியும் தனித்தனியே கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தளத்திலேயே தொழிலாளிப் பெண்களை நியமிப்பது என்று எழுதினார்கள். ஒரே ஏற்பாட்டில் ஏவுபவர், இயற்றுவிப்பவர், இயற்றுபவர் மூவரின் கையெழுத்தும். இது எவ்வளவு தூரம் நடக்கும், நடந்தது என்பது வேறு விசாரணை. வாக்கியமாகப் பார்த்தால் நான் படித்த தஸ்தாவேஜுகளில் கருத்தா குறையாத ஒன்று இதுதான்.

நண்பரிடம் கம்பெனிப் பெயரைக் கவிதையில் போடச் சொல்லவில்லை. அந்தக் காலையில் வங்கி மூடியிருந்தது என்ற ஒரு வரி போதும். அது இருந்தால் கட்டிடம் தானாக விழாது. சட்டைக் கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.