சட்டகமும் தோட்டமும்: நகானேயின் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

யப்பானிய மொழியையும் சமூகத்தையும் சமூக மானிடவியல் வழியாகக் கற்கப் புகுவோர் தவிர்க்கவியலாத நூல் சியே நகானேயின் ‘யப்பானியச் சமூகம்’. 1967இல் யப்பானிய மொழியில் வெளிவந்த அவரது நூலை அடியொற்றி 1970இல் ஆங்கிலத்தில் வெளியானது இது. 1946இல் ரூத் பெனடிக்ற், யப்பானுக்குச் செல்லாமலே யப்பானியரின் பண்பாட்டை விளக்க முயன்றார். நகானேயோ குழுக்களின் அமைப்பை ஆராய்ந்தார். இதுவே அவரது சிறப்பு எனலாம்.

பிறப்பு, சாதி, தொழில் முதலியவற்றைத் ‘தகைமை’ என்றும், வீடு, கிராமம், நிறுவனம் முதலியவற்றைச் ‘சட்டகம்’ என்றும் நகானே பகுக்கின்றார். இந்தியாவில் சாதியாகிய தகைமையும் யப்பானில் சட்டகமும் முதன்மை பெறுகின்றன என்பது அவர் முடிபு. வீட்டின் உட்புறத்தைக் குறிக்கும் ‘உச்சி’ என்னும் யப்பானியச் சொல், ஒருவர் பணிபுரியும் நிறுவனத்தையும் சுட்டுவது இதற்குச் சான்றாகின்றது.

இப்பாகுபாட்டை ஊவாவின் பெருந்தோட்டங்களில் வைத்து நோக்குதல் பயனுடையது. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளில் அறிமுகமில்லாத இருவர் சந்திப்பின் “எந்தத் தோட்டம்?” என்னும் வினாவே முதலில் எழும். துரை, கணக்குப்பிள்ளை, கங்காணி, தொழிலாளர் என்னும் செங்குத்தான படிநிலையும் இங்குண்டு. எனின், தோட்டம் சட்டகமாகும். ஆயினும் இச்சட்டகத்தை நிரப்பியது தகைமையே. பெரிய கங்காணிமார் தம் உறவினரையும் சாதியினரையும் திரட்டியே தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தனர். தோட்டங்களில் சாதி தொடர்ந்தமையை ஜெயராமனின் 1975ஆம் ஆண்டு நூல் விளக்குகின்றது. எனவே சட்டகமும் தகைமையும் எதிரெதிரானவை அல்ல. ஒன்று மற்றொன்றைத் தாங்குவதும் உண்டு.

இதனினும் முக்கியமான வினாவொன்று உள்ளது. சட்டகத்தை அமைத்தவர் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, சொந்த நிலமும் இல்லாதிருந்த மக்களுக்குத் தோட்டமன்றி வேறு முகவரி இல்லை. அவர்களது பிணைப்பை இயல்பான விசுவாசம் எனக் கொள்வது பிழை. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. அங்கு மக்கள் வாழ்ந்தமைக்குப் பற்று மட்டுமே காரணமெனக் கூற எவர் துணிவர்?

இதே வினா யப்பானுக்கும் பொருந்தும். நகானே போன்றோர் வரைந்த ஒருமித்த சமூகச் சித்திரத்தை மௌவரும் சுகிமோட்டோவும் 1986இல் கண்டித்தனர். ஆயுட்கால வேலை பெரும்பாலும் பெருநிறுவனங்களின் ஆண் ஊழியருக்கே வாய்த்தது. தற்காலிகத் தொழிலாளரும் பெண்களிற் பலரும் அதற்குப் புறத்தே நின்றனர்.

தமிழ் ‘நாம்’ என்பதையும் ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்தும் மொழி. துரை “நமது தோட்டம்” என்பதும் தொழிலாளி “எங்கள் லயம்” என்பதும் ஒரே சட்டகத்தினுள் ஒலிப்பினும் ஒன்றல்ல. நகானேயின் நூல் கற்கப்படல் வேண்டும்; ஆனால் ‘உச்சி’ என்று சொல்பவர் யார், சொல்ல உரிமையற்றவர் யார் என்று வினவியே கற்கப்படல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் தகுதி மலையக மாணவருக்குச் சிறப்பாக உண்டு.