தெருவில் ஒரு மார்கழி, வேலிக்குள் ஒரு மார்கழி

வெளியூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் என்றால் போர்தான். மகேந்திரவர்ம பல்லவன் தன் முக்கியப் பகைவர்களை இங்கே அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கியதும் இதே மண்ணில்தான். அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் இன்றும் பார்க்கலாம். மறு ஆண்டு ஆகஸ்டில் நடந்த இரண்டாவது சண்டையில் செத்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஊரில் நினைவுத் தூண் உண்டு. வருகிறவர்கள் தூணைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்த்திகை பாதியிலிருந்து தை பிறக்கும்வரை இந்தப் பக்கத்து ஊர்கள் எப்படி விடிகின்றன என்று பார்க்க யாரும் வருவதில்லை. எனக்கு அதைத்தான் பேசத் தோன்றுகிறது, யாழ்ப்பாணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இரண்டு ஊருக்கும் மாதம் ஒன்று, பாட்டு ஒன்று, பிடித்து வைக்கிற சாணி உருண்டையும் ஒன்று. ஆனால் மார்கழி விடியல் இரண்டு இடத்திலும் வேறு வேறாக நடக்கிறது. பக்தியில் கூடக் குறைய இருப்பதால் அல்ல. வீடு எங்கே நிற்கிறது என்பதால். புள்ளலூர்ப் பக்கத்து வீடு தெருவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. திண்ணையிலிருந்து கால் வைத்தால் தெரு. யாழ்ப்பாணத்து வீடு வளவுக்கு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் வேலி, வேலியில் படலை, படலையைத் தாண்டினால்தான் ஒழுங்கை. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது என்பது என் கட்சி.

முதலில் குளிர். பாதரசம் 20 டிகிரியை ஒட்டி வந்தாலே இரண்டு ஊரிலும் மஃப்ளர் வெளியே வந்துவிடும். இதைக் குளிர்காலம் என்று சொன்னால் இமயமலைக்காரர்கள் சிரிப்பார்கள். நம்மூரில் குளிர் என்பது மழை விட்டுப்போன ஈரம். வடகிழக்குப் பருவமழைதான் இரு கரைக்கும் பொது, புயலும் பொது. 2008 நவம்பரில் ‘நிஷா’ யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கிவிட்டுக் காரைக்கால் அருகே கரையேறியது. 2024-இல் ‘ஃபெஞ்சல்’ இலங்கையின் கிழக்கை நனைத்துவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் வந்தது.

ஆனால் பெய்த மழை எங்கே போய் நிற்கிறது என்பதில் பிரிகிறது கதை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது ஏரியில் நிற்கிறது. ஏரி ஊருக்குப் பொது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையே எழுதியிருக்கிறது. இன்றும் கலங்கல் வழிந்தால் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும், மீன் பிடிக்கும், கரை தாங்குமா என்று ஆளாளுக்குப் பொறியாளராகப் பேசும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு உண்டு, அவ்வளவுதான். மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி அவரவர் வளவுக் கிணற்றில் ஊறுகிறது. மாரி வந்துவிட்டதை அங்கே கிணற்றை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பங்குக் கிணறுகளும் உண்டு. அவற்றுக்காகப் பரம்பரை பரம்பரையாக நடந்த வழக்குகளும் உண்டு.

மழைநாளில் காஞ்சிபுரத்தைச் சுற்றிய நெசவூர்களில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். பாவு தோயத் தெருவும் கிடைக்காது. நெசவாளிக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கடன் வாங்கும் மாதங்கள். இதைச் சொல்லாமல் மழையின் அழகை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

கார்த்திகை தீபத்திலேயே வித்தியாசம் கண்ணில் படும். காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துப் பையன்களுக்குத் தீபாவளியை விடக் கார்த்திகைதான் பெரிசு. காரணம் மாவளி. ஆண் பனையின் காய்ந்த பாளையைக் குழிக்குள் போட்டுப் புகைய விட்டு, கரியானதும் இடித்துத் தூளாக்கிப் பழந்துணியில் இறுக்கிச் சுருட்டுவார்கள். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அந்தப் பொட்டலத்தை வைத்துக் கட்டி, மேலே கயிறு முடிந்து, நுனியில் நெருப்புக் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி வட்டமாகப் பூத்துக் கொட்டும். இதற்குத் தெரு வேண்டும். பார்க்க ஆள் வேண்டும். எவன் மாவளி அதிக நேரம் பொறி கக்கியது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். அகல் விளக்கும் திண்ணையில்தான் வரிசை கட்டும். எதிர்வீட்டு வரிசையை விட ஒன்று கூடுதலாக.

யாழ்ப்பாணத்தில் அதே நாள் விளக்கீடு. படலைக்கு முன்னால் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் பந்தம் வைப்பார்கள். பிறகு சிறு பந்தங்கள் வளவுக்குள்ளே பயணம் போகும்: கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கோடி. வெளிச்சம் தன் எல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருகிறது. அந்த வெளிச்சத்துக்கு அரசியல் சுமையும் ஏறியிருக்கிறது. 2012-இல் விளக்கீடும் விடுதலைப் புலிகளின் மாவீரர் நாளும் நவம்பர் 27 அன்றே சேர்ந்து வந்தன. எந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று படையினர் சந்தேகத்தோடு பார்த்த மாலை அது. திண்ணையில் விளக்கு வைக்கும் புள்ளலூர்ப் பெண்ணுக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்பதே விளங்காது.

இனி மார்கழி. புள்ளலூர்ப் பக்கம், காலை நாலரை, ஐந்து. தெருவிளக்கின் மஞ்சளில் வாளியோடு பெண்கள் வருகிறார்கள். சாணி கரைத்த தண்ணீர் தெளித்துப் பெருக்கியபின் கொஞ்ச நேரம் விடவேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் கோலமாவு ஊறிக் கோடு பரந்துவிடும். உலர்ந்துபோனால் ஒட்டாமல் பறக்கும். அந்த நடுப்பதம் கைக்குத்தான் தெரியும். சிமெண்ட் சாலை வந்தபின் பதம் மாறிவிட்டது, மண் வாசல் மாதிரி மாவு பிடிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். முதலில் புள்ளி, பிறகு நோட்டைப் பார்த்தோ பார்க்காமலோ இழை. எதிர்வாசலிலிருந்து குரல் வரும்.

“என்னாக்கா, இன்னிக்கு எத்தன புள்ளி?”

“பதினஞ்சு, எடப்புள்ளி எட்டு வர. பூசணிப்பூ மிச்சமிருந்தா ரெண்டு குடேன்.”

சாணியை உருட்டி, தலையில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, பூவின் காம்பை அதில் செருகிக் கோலத்தின் நடுவில் வைப்பார்கள். பூவை முதல்நாள் சாயங்காலமே கொடியில் பார்த்து வைத்திருக்க வேண்டும். பொழுது புலர்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பறித்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில்தான் பூ வைப்பார்கள் என்று ஒரு கதை நெடுநாளாகச் சுற்றுகிறது. பேரன் பேத்தி எடுத்த வீடுகளிலும் பூ இருப்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. வடக்கே ஆந்திரத்தில் இந்தப் பூ வைத்த உருண்டையே கொப்பெம்மா. தெற்கே நெல்லைச் சீமையில் அந்தப் பூவை எருவாகத் தட்டிச் சேர்த்து, சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் பெண்பிள்ளைகள் ஆற்றில் விடுவார்கள்.

இங்கே இன்னொரு கதையையும் தீர்த்துவிடலாம். மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்கி வருகிறது, அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர் எழுந்தார்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வரும். தரைமட்ட ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி. அது உருவாக வெயில் வேண்டும் என்பதால் நல்லவேளையாக விடியலில் குறைவாகவே இருக்கும். எழுவதற்கு ஆண்டாளும் மாணிக்கவாசகரும் போதும்.

யாழ்ப்பாணத்திலும் சாணி உருண்டை உண்டு. ஆனால் அங்கே அது பிள்ளையார். மூன்று விரலால் கூம்பாகப் பிடித்து, உச்சியில் அறுகம்புல் குத்தி, முற்றத்தில் வைப்பார்கள். கோலம் சிறியது, சில வீடுகளில் கோலமே இல்லை. காய்ந்த பிள்ளையார்களைச் சேர்த்துவைத்துப் பொங்கலை ஒட்டிக் கடலிலோ குளத்திலோ விடுகிற வழக்கமும் உண்டு. எல்லாம் வேலிக்கு உள்ளே. ஒழுங்கையில் போகிறவருக்குப் படலை இடுக்கில் தெரிந்தால் தெரியும். பார்க்க ஆளில்லாத இடத்தில் பதினைந்து புள்ளிக் கோலம் ஏன் வளரப்போகிறது?

வேலியைத் தாண்டுவது சத்தம். திருவாதிரையோடு முடியும் திருவெம்பாவைப் பத்து நாளும் விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கை ஒழுங்கையாக வரும். பின்னால் ஒரு பட்டாளம் இளைஞர்கள், பாடிக்கொண்டும் பாதி தூங்கிக்கொண்டும். நாய்கள் அவர்களுக்கு முன்னால் ஊரை எழுப்பிவிடும். சில வீடுகளில் அவர்களுக்காகவே அடுப்பில் மல்லிக் கோப்பி கொதிக்கும். கொத்தமல்லி வறுத்து வேர்க்கொம்பு தட்டிப் போட்டது. வேர்க்கொம்பைக் காஞ்சிபுரத்துக்காரர் சுக்கு என்பார். அவர் அதை மிளகு, சீரகத்தோடு வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் போட்டுக்கொள்கிறார். சங்குச் சத்தம் தேய்ந்தபின் வேலிப் பக்கம் பேச்சு ஆரம்பிக்கும்.

“பிள்ளை, எழும்பீட்டியே? சரியான கூதலாக் கிடக்கு.”

“ஓம் ஆச்சி, தேத்தண்ணி வச்சிட்டன், பொட்டுக்குள்ளாலை வாங்கோ.”

அந்தப் பொட்டு முக்கியம். கிளுவையும் பூவரசும் மாரியில் துளிர்த்து வேலி எவ்வளவு நெருங்கினாலும், பக்கத்து வளவுக்குப் போக ஆள் நுழைகிற அளவு ஓர் இடைவெளி இருக்கும். வேலிச் சண்டைக்குப் பெயர்போன ஊர்தான். சண்டை முற்றினால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

திருவெம்பாவைக்கு முன்பே பெருங்கதை விரதம் வந்துவிடும். சுன்னாகம் வரதபண்டிதரின் ‘பிள்ளையார் கதை’யை 21 நாளும் கோயிலில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். முடிவில் கஜமுகாசூரன் போர், மோதகம். இதுவும் காதுக்கான சடங்குதான். தமிழ்நாட்டில் திருவெம்பாவை இருபதோடு திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்து முப்பதாக்கி, திருப்பாவைபோல் நாளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டோம். யாழ்ப்பாணம் பத்து நாளில் தினமும் இருபதையும் பாடித் தீர்க்கிறது.

ஒரு விஷயத்தை மெச்சிக்கொண்டே கடந்துவிடக் கூடாது. புள்ளலூர்ப் பக்கத்து மார்கழி முழுக்கப் பெண்களின் உழைப்பு. முப்பது நாளும் குனிந்த முதுகு, ஆண்கள் போர்வைக்குள். யாழ்ப்பாணத்துச் சங்குக் கூட்டம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். ஊர்சுற்றப் பத்து நாள் கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. உள்ளே சாணம் தெளித்து மல்லி வறுத்தது யார் என்று கேட்டால் கணக்கு மறுபடி ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

நம் ஊர்களில் சத்தம் என்பது கூம்பு ஒலிபெருக்கி. எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை முடிந்த கையோடு எல்.ஆர். ஈஸ்வரி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாலரை மணிக்கு அலறுகிற எந்தக் கோயில் அதைக் கேட்டது? இலங்கையிலும் இதே நேரக் கட்டுப்பாட்டை, வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. 1990-இல் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சங்குக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. 1995 அக்டோபர் 30-இல் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே போரால் இடம்பெயர்ந்தபோது ஊதவும் கேட்கவும் ஆளில்லாமல் போனது. திரும்பி வந்தவர்கள் பலர் வீட்டுக்கு முன் மதிலைத்தான் கட்டினார்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததும் மதில் இன்னும் உயர்ந்தது.

புள்ளலூர்ப் பக்கமும் வாசல் சுருங்குகிறது. திண்ணையை இடித்துக் கிரில் போட்டாயிற்று. கிரில்லுக்கு முன்னால் சிமெண்ட் சரிவு, அதன்மேல் பைக். இருட்டு விலகுவதற்குள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் முனைக்கு வந்துவிடும். அதில் ஏறுகிறவர்களில் பாதி நேற்றுவரை கோலம் போட்ட பெண்பிள்ளைகள். அதனால் கோலம் இப்போது பல வீடுகளில் முதல்நாள் ராத்திரி, சீரியல் முடிந்தபின். தெரு அப்போதும் விழித்துத்தான் இருக்கிறது, பேச்சும் நடக்கிறது. பதினைந்து புள்ளி ஏழாகியிருக்கிறது. மாமியார்கள் இதை அபசாரம் என்கிறார்கள். சம்பளக் கவர் வீட்டுக்கு வருகிற தேதியில் மட்டும் சொல்வதில்லை.

மாறாதது பனங்கிழங்கு. இந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் மார்கழி கடைசியில் அது கட்டுக் கட்டாக வந்து இறங்கும். இங்கே மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத் தெருவில் நின்று நார் உரித்துத் தின்று தீர்த்துவிடுகிறோம். அவர்கள் பாதியை அவித்துத் தின்றுவிட்டு மீதியைக் கிழித்து முற்றத்தில் காயப்போட்டு ஒடியலாக்கி எடுத்து வைக்கிறார்கள். கூழ் காய்ச்சும் நாளில் அந்த மாவும் மீனும் நண்டும் ஒரே பானையில் வேகும். கனடாவிலிருக்கும் மகனுக்கு அடுத்த பார்சலில் ஒரு பொதி ஒடியல் மாவும் போகும்.