மலைமேல் ஓர் ஊர்: ஜமுனாமரத்தூரை எப்படி ரசிப்பது?

ஜவ்வாது மலைக்குப் போய்வந்த பலர் சொல்வது ஒன்றுதான்: "அங்க ஒண்ணுமில்லைங்க." ஊட்டி அளவுக்குக் குளிராது. ஏற்காட்டில் இருப்பதுபோல் வரிசையாக விடுதிகள் கிடையாது. சிகரங்களே ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம்தான். சித்திரை மதியத்தில் இங்கேயும் மின்விசிறி வேண்டும். பீமன் நீர்வீழ்ச்சியில் ஒரு படம், ஏரியில் ஒரு படகுச் சுற்று, பரோட்டா, திரும்பும் வழியில் பலாப்பழம் என்று முடித்துக்கொண்டால் அவர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் இந்த மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் உல்லாசத்துக்காக உண்டான ஊர் இல்லை. வெள்ளைக்கார துரைகள் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய பங்களாக்கள் இங்கே கிடையாது. உழுது, விதைத்து, புளி உலுக்கி, பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறவர்களின் ஊர் இது. காட்சி தேடி வந்தால் ஏமாறுவீர்கள். ஊர் பார்க்க வந்தால் ஒரு நாள் போதாது. ஊர் பார்க்கச் சில வழிகள் இதோ.

ஒரு வழியில் ஏறி, மறு வழியில் இறங்குங்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு ஜவ்வாது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், 32 கிலோமீட்டர் அகலம். போளூர், செங்கம், ஆலங்காயம், வேலூர் பக்கத்து அமிர்தி என்று நாலு திசையிலிருந்தும் பாதை உண்டு. போளூரில் ஏறி ஆலங்காயத்தில் இறங்கினால் மலையின் இரு முகமும் தெரியும். கொண்டையூசி வளைவுகள் முடிந்ததும் சிகரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயல்தான் வரும். மேலே ஒரு தனி நிலப்பரப்பே விரிந்து கிடக்கிறது: மேடு, பள்ளம், ஓடை, புளியமரம், ஐம்பது அறுபது வீடுகள், மறுபடி மேடு.

அரசாங்கக் கணக்கில் இந்த மலை மூன்று மாவட்டங்களுக்குச் சொந்தம். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் வந்தது. 2019இல் வேலூர் மூன்றானபோது மேற்குப் பக்கம் திருப்பத்தூருக்குப் போனது. மலைக்காரர் கணக்கு வேறு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அவர்கள் நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள். வழி கேட்கும்போது, "இது எந்த நாடு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக நீளும்.

தண்ணீரின் பின்னால் போங்கள்

வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு சிறு பாலத்திலும் வண்டியை நிறுத்தி, இந்த ஓடை எங்கே போகிறது என்று விசாரியுங்கள். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். அது செங்கத்தைத் தொட்டு, தன் பெயரையே தாங்கிய செய்யாறு நகரைக் கடந்து, காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. படவேட்டையும் ஆரணியையும் நனைக்கும் கமண்டல நாகநதியும் இங்கே பிறந்ததே. அடிவாரத்தில் குப்பநத்தம், செண்பகத்தோப்பு, மிருகண்டா நதி என்று அணைகள் நிற்பது இந்த மழையை நம்பித்தான். ஆரணி அரிசி சாப்பிடுகிறவருக்கு மேலே பெய்யும் மழையில் ஒரு பங்கு உண்டு.

தண்ணீர் காஞ்சியை நோக்கி இறங்குகிறது என்றால், மனிதர்கள் காஞ்சியிலிருந்து ஏறி வந்தார்கள் என்கிறது மலையின் கதை. இங்கே பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். அவர்களிடமிருந்த ஓலைச்சுவடிக் கதையை ஆங்கிலேயர் காலத்திலேயே இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்களாம். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று காரியம் செய்துவிடுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடரை வென்று இவர்கள் ஊர் வந்தபோது மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவர் கணக்கில் சேர்ந்த பிறகு ஊருக்குள் இடமேது? வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறிவிட்டார்கள்.

இது நடந்ததா என்று ஆராய்வது ரசிகர் வேலையல்ல. பாலாற்று வெள்ளம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. அந்த வெள்ளத்தில் ஒரு பங்கு இந்த மலை இறக்கிய தண்ணீர். அதை நினைத்துக்கொண்டு பாலத்தடி ஓடையைப் பாருங்கள்.

கல்லைக் கண்டால் நில்லுங்கள்

கீழ்ச்செப்பிலிப் பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகக் கவித்த கல்திட்டைகள் இருக்கின்றன. உள்ளூரில் அவற்றைக் குள்ளர் வீடு, குள்ளர் குகை என்பார்கள். பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை அவை. வட்டத் துவாரம் இட்ட கல்லைத் தேடுங்கள். அந்தத் துல்லியம் தற்செயலாக வராது. மேலே ஏறி நின்று படம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கல்லறைமேல் யாரும் ஏறுவதில்லை.

மலையடிவாரமான செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்து வீரர்கள் வில்லும் வாளுமாக அங்கே நிற்கிறார்கள். பல இடங்களில் அவர்களே வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்கிக்கொள்கிறார்கள். எடுத்தனூர் நடுகல்லை அவசியம் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஓலைக்கதையில் ஆற்றைக் கண்டு திரும்பிய நாய்களையும், கல்லில் திரும்பாமல் நின்ற இந்த நாயையும் ஒரே பயணத்தில் சந்திக்கிற வாய்ப்பு வேறெங்கும் அமையாது.

கேட்பதற்கும் இங்கே ஒரு பழைய வழிகாட்டி உண்டு. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது சங்க இலக்கியமான மலைபடுகடாம். 583 அடிகளில் மலையில் எழும் ஓசைகளுக்கு ஒரு நீண்ட பட்டியலே அதில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே காதால் மலையைப் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் வண்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள்.

சாமையைச் சாப்பிடுங்கள்

இந்த மலையின் தானியம் சாமை. ஆடியை ஒட்டி விதைப்பார்கள். மழைக்காலம் தணிகிறபோது அறுப்பார்கள். கதிர் மெலிது. காற்று அடித்தால் சரிவு முழுவதும் ஒரே திசையில் சாயும். கீழ்நாட்டு நெல் வயலின் சதுரம் இங்கே இல்லை. நிலம் எப்படி வளைகிறதோ அப்படியே பயிரும் வளைந்து போகும்.

வாங்கும்போது வெளுத்த அரிசியை விட்டுவிட்டு மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். தவிடு முழுதும் போகாதது அதுதான், ருசியும் அதில்தான். சூட்டோடு கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ போட்டுச் சாப்பிட வேண்டும். தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீத்தா என்று பருவத்துக்கு ஒன்று கிடைக்கும். பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைப்பதில் பெருமை இல்லை. வீட்டுக்காரர்களிடமோ மகளிர் குழுவிடமோ நேரடியாக வாங்கினால் பணம் மலையிலேயே தங்கும்.

பேருந்து நிலையத்தில் உட்காருங்கள்

ஏரிக்கரையைவிட ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில்தான் மலை நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீசுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர், ஆஸ்பத்திரிக்குக் குழந்தையோடு வந்தவர், உண்டு உறைவிடப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட வந்தவர், வெளியூர் வேலைக்குப் பையோடு கிளம்பியவர். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது. திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. மரம் போனது, மலையில் பிழைப்பு சுருங்கியது. மரம் வெட்டும் கூலிக்கு ஆந்திரம் போகும் பழக்கம் வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் இந்த மலைக்காரரும் இருந்தனர். 2024இல் இதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. இரண்டு செய்தியும் இதே சாலை வழியாகத்தான் இறங்கிப் போயின.

இப்படிப்பட்ட சாதாரண நிலத்தை நேசிப்பதற்குத் தொலைவில் ஓர் உதாரணம் உண்டு. டோக்கியோவின் புறநகரான தொகொரொசாவாவை ஒட்டிச் சயாமா குன்றுகள் இருக்கின்றன. வயல், தோப்பு, ஓடை, வீடு எல்லாம் கலந்த சாதாரண இடம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'டோட்டோரோ' அனிமேஷன் படத்துக்குப் பின், அந்தத் தோப்புகளை மக்களே நன்கொடை திரட்டி 1991 முதல் துண்டு துண்டாக வாங்கிக் காக்கிறார்கள். அதிசயம் எதுவும் இல்லாத நிலத்தையும் மனிதர்கள் நேசிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. நாம் ஜவ்வாதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்; பாட்டிலை வீசாமல் வந்தாலே போதும்.

ராத்திரி தங்குங்கள்

ஆலங்காயம் சாலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டும், வடவானம் தென்வானம் இரண்டையும் பார்க்க வாகான 12½ டிகிரி அட்சரேகையும் சேர்ந்து 1960களில் வானியலாளர்களை இங்கே இழுத்தன. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்ட ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள். நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு போங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் தொலைநோக்கி இல்லாமலே பால்வீதி தெரியும்.

கடைசியாக, தேதி. கோடை விழாக் கூட்டத்தில் மலையைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை வாருங்கள். விதைத்த நிலத்தையும் அறுத்த நிலத்தையும் பார்த்தவருக்கு, இடையில் இருக்கும் நான்கு மாத உழைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.