ஒரே கயிற்றில் எல்லாரையும் கட்டலாமா?

ஒரு காரின் இருக்கைக்கு அடியில் கைத்துப்பாக்கி கிடைக்கிறது. அது யாரையும் சுடவில்லை. ஆனால் ஓட்டி வந்தவர் முன்பு கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, அதை அவர் தெரிந்தே வைத்திருந்தார் என்றால் அதுவே தனிக் குற்றம். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். உச்ச தண்டனை 10 ஆண்டுகளாக இருந்தது. 2022-ல் 15 ஆண்டுகளாக உயர்ந்தது.

இச்சட்டத்தின் பெரும்பலம், வழக்கை நிரூபிக்கும் எளிமை. கொலை வழக்கில் சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தார் அஞ்சுவார்கள். இங்கே துப்பாக்கியை எடுத்த காவலரின் சாட்சியமும் பழைய தீர்ப்பின் நகலும் பெரும்பாலும் போதும். மாநில எல்லை தாண்டிய வணிகத்தோடு தொடர்பு இருந்தால்தான் கூட்டாட்சி அரசு தலையிட முடியும். அதற்கும் நிபுணர் ஒருவர் துப்பாக்கியில் பொறித்திருக்கும் பெயரைக் காட்டி, ‘இது வேறு மாநிலத்தில் செய்யப்பட்டது’ என்றால் முடிந்தது. துப்பாக்கி என்றோ ஒருநாள் எல்லை தாண்டியிருந்தாலே போதும் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருமுறை சுட்டவன் மறுபடி சுடுவதற்குள் அவனைத் தடுக்க வேண்டிய தெருக்களுக்கு இந்த எளிமை உண்மையிலேயே ஒரு காப்பு.

குறையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, அவர்மேல் விழுந்த முத்திரையைப் பார்க்கிறது. பென்சில்வேனியாவில் ஒருவர் 1995-ல் உணவு உதவிக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. ஆனால் அக்குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்பதால், வன்முறையாளருக்குரிய தடை அவருக்கும் வந்தது. அவருக்கு இத்தடை பொருந்தாது என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-லும் 2024-லும் தீர்ப்பளித்தது. வேறு சில வட்ட நீதிமன்றங்கள் அப்படி ஆளுக்கு ஆள் விலக்கு அளிக்க மறுத்திருக்கின்றன.

அடுத்தது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம். ஒரே துப்பாக்கிக்கு மாநில நீதிமன்றத்தில் ஒரு தண்டனை, கூட்டாட்சி நீதிமன்றத்தில் பல நேரம் அதைவிடக் கடுமையான தண்டனை. எங்கே போவது என்பதை அரசு வழக்கறிஞர்கள் முடிவுசெய்கிறார்கள். வன்முறை அல்லது கடும் போதைப்பொருள் குற்றங்களில் மூன்று பழைய தண்டனைகள் இருந்தால், துப்பாக்கி வைத்திருந்ததற்கே குறைந்தது 15 ஆண்டு சிறை. நீதிபதி நினைத்தாலும் குறைப்பது அரிது. இச்சட்டத்தில் தண்டனை பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்பதைப் புறக்கணித்துவிட்டு நியாயம் பேச முடியாது.

இத்தனை கடுமைக்குப் பலன் உண்டா? 1997-ல் ரிச்மண்ட் நகரில் துப்பாக்கி வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத் திருப்பும் திட்டம் தொடங்கியது. கொலைகள் குறைந்தன, பாராட்டு குவிந்தது. ஆனால் ரஃபேல், லுட்விக் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கொலை முன்பு மிகுந்திருந்த நகரங்களில் திட்டம் இல்லாமலே அது இறங்கியிருந்தது தெரிந்தது. ரிச்மண்டின் சரிவும் பெருமளவு அப்படியே நேர்ந்திருக்கும் என்றார்கள்.

தடை வேண்டாம் என்பது என் வாதமல்ல. ரத்தம் சிந்த வைத்தவரையும் படிவத்தில் பொய் எழுதியவரையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம் என்கிறேன். திருந்தியவர் உரிமையைத் திரும்பக் கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அம்மனுக்களை ஆராய 1992 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதி மறுத்ததால் அந்த வழி பல்லாண்டு பூட்டிக் கிடந்தது. ஒருவரைத் தண்டிக்கப் பழைய தீர்ப்பைப் புரட்டுகிற அரசு, அதற்குப் பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளையும் புரட்டிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.