குளிரும் மரமஞ்சளும்: சான்று பற்றிய ஒரு நோக்கு

மழைக்காலத்தில் உடல் குளிர்ந்து நடுங்குமிடத்து, கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் முதலில் அடுப்பேறுவது மரமஞ்சளும் கொத்தமல்லியும் சேர்ந்த குடிநீரே. சிங்களவர் வெனிவெல்கெட்ட என வழங்கும் கொடியின் தண்டே ஈண்டு மரமஞ்சள் எனப்படுவது. எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுதல் மரபு.

தலைமுறை தலைமுறையாக வழங்கிவருவதே இதன் பயனுக்குத் தலையாய சான்றாகக் கூறப்படுகின்றது. அச்சான்றின் வலிமை ஆராயற்பாலது. குளிர் நோயன்று, நோயின் குறி. தடிமனோடு வரும் குளிர், குடிநீர் அருந்தினும் அருந்தாவிடினும் சில நாள்களில் நீங்கும். நீங்கியதன் புகழோ இறுதியாக அருந்தியதையே சேர்கின்றது. ஒப்புநோக்குதற்கென மருந்து கொடாத பேரப்பிள்ளைகளை எந்தப் பாட்டியும் வைத்திருந்ததில்லை!

ஆய்வுகூடத்தை நாடுவோர் மரமஞ்சளிலுள்ள பெர்பரீனைச் சுட்டுவர். கண்ணாடிக் கலனில் அது சில பற்றீரியாக்களை அடக்குவது உண்மை. ஆயின் தடிமன் பெரும்பாலும் வைரசினால் வருவது. மேலும், வாய்வழி உட்கொண்ட பெர்பரீனில் மிகச் சிறுபகுதியே குருதியை அடைகின்றது. பெயர்க் குழப்பமும் உண்டு. வடஇந்திய மருத்துவர் கொள்ளும் மரமஞ்சள் இமயத்துப் புதரான பெர்பெரிசு. இலங்கையிற் கொள்ளப்படுவது கொசினியம் என்னும் காட்டுக்கொடி. ஒன்றன் ஆய்வை மற்றதன் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

இவற்றால் மரபறிவு முழுவதும் பயனற்றது என்பதும் தவறு. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் கீழ், நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் 1861 இல் தோட்டம் அமைக்கப்பட்டது சிங்கோனாவை வளர்த்தற்கே. அம்மரப்பட்டையும் முன்னர்க் கைமருந்தாக வழங்கியதே. ஆயின் அது எல்லாக் குளிருக்கும் மருந்தெனக் கொள்ளப்படவில்லை. 1712 இல் இத்தாலிய மருத்துவர் தோர்த்தி, எக்காய்ச்சல் பட்டைக்கு அடங்கும், எது அடங்காது எனப் பிரித்துக் காட்டினார். 1820 இல் அதிலிருந்து குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது. மரமஞ்சளைப் புகழ்வோர் இத்தகைய பிரிப்பைச் செய்வதில்லை. அவர்களுக்கு எல்லாக் குளிரும் ஒன்றே.

தடிமனாயின் இதனால் இழப்பொன்றுமில்லை. சூடான நீர் தொண்டைக்கு இதமுமாகும். வயலிற் சேறு மிதித்தவனின் குளிரோ வேறு. 2008 இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துக்குள்ளாயினர். அந்நோயும் குளிரோடும் உடல்நோவோடுமே தொடங்குவது. தொடக்க நாள்களிலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தல் வேண்டும். குடிநீரை நம்பி அந்நாள்களைக் கழித்த உழவன் மருத்துவமனையை அடையும்போது, அவனது சிறுநீரகம் பழுதுறத் தொடங்கியிருத்தலும் கூடும்.